கதைக்கு அடியில் ஒரு வரி போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்துவிட்டால் தங்கள் சேலம் பதிப்பில் பாதிப் பக்கம் அம்மன் படம்தான். பூச்சாட்டுதல், கம்பம் நடுதல், சக்தி அழைப்பு, உருளுதண்டம், பொங்கல், வண்டி வேடிக்கை, சத்தாபரணம், மஞ்சள் நீராட்டு என்று வரிசையாகச் செய்தி வருகிறது. கூடவே வாராவாரம் ஆன்மிக மலர். இரண்டிலிருந்தும் படங்களை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டு வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறுகளில் சமயம் சொல்லிக்கொடுக்கும் சிலர் சேர்ந்து எழுதும் கடிதம் இது. திருமுறை வகுப்பு எடுப்பவர்கள், மறைக்கல்வி எடுப்பவர்கள், மதரஸாவில் பாடம் நடத்துபவர்கள் என மூன்று தரப்பாரும் இதில் உண்டு.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். மலரில் அச்சாகும் ஒவ்வொரு கதைக்கும் அடியில், அது எந்த நூலில், எந்தக் காண்டத்தில், எந்தப் படலத்தில் வருகிறது என்று ஒரு வரி போடுங்கள். நூலில் இல்லை, ஊரில் சொல்லிக் கேட்டது என்றால் அதையும் அப்படியே போடுங்கள். ஒரு வரிக்கு இவ்வளவு நீளக் கடிதமா என்று தோன்றலாம். வகுப்பில் நடப்பதைச் சொன்னால் காரணம் விளங்கும்.

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சாமி கதை எதுவுமே தெரியவில்லை' என்று மேடைதோறும் பேசுகிறார்கள். தப்பு. பிள்ளைகளுக்குக் கதை நிறையவே தெரியும். எங்கிருந்து தெரிந்துகொண்டோம் என்பதுதான் தெரியாது. 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்துக் காட்சிகள் இன்றும் துண்டு துண்டாகக் கைப்பேசியில் சுற்றுகின்றன. நக்கீரர் யார் என்று நாலாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், நெற்றிக்கண் வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்காட்டும். தருமி யார் என்றால் நாகேஷ். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தருமி, தாய் தந்தையை இழந்த ஆதிசைவப் பிரமசாரி. கலியாணம் செய்துகொள்ளப் பொருள் இல்லாமல் சொக்கநாதரிடம் போய் நிற்பவன். புலமைக்கும் அவனுக்கும் பெரிய உறவு கிடையாது. அவனைப் பாட்டெழுதும் பஞ்சப் புலவனாக ஆக்கியது படம். அது படத்தின் உரிமை, காட்சியும் அருமையாகத்தான் இருக்கிறது. பிள்ளைக்குத் தெரிய வேண்டியது வேறு. தருமிக்குப் பொற்கிழி அளித்தது புராணத்தில் 52ஆம் படலம். கதை அதோடு முடியவில்லை. பொற்றாமரைக் குளத்தில் விழுந்த நக்கீரரைக் கரையேற்றியது 53, அவருக்கு இறைவன் இலக்கணம் உபதேசிக்க ஏற்பாடு செய்தது 54. கோபத்துக்குப் பிறகு இரண்டு படலம் முழுக்க அருளும் படிப்பும்தான். முப்பது நொடி ரீலில் மிஞ்சுவது நெற்றிக்கண் மட்டும்.

இன்னொரு படி பின்னால் போகலாம். சண்டைக்குக் காரணமான 'கொங்குதேர் வாழ்க்கை' குறுந்தொகையில் 2ஆம் பாட்டு, பாடியவர் பெயர் இறையனார். அதில் பாண்டியனும் இல்லை, பொற்கிழியும் இல்லை. தலைவன் ஒருவன் தும்பியைப் பார்த்து, 'இவள் கூந்தலைவிட மணமுள்ள பூ நீ அறிந்ததுண்டா' என்று கேட்கிறான், அவ்வளவுதான். சங்கப் பாட்டு, புராணம், சினிமா என்று மூன்று அடுக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த மூன்றையும் முக்கால் மணி நேரத்தில் காட்டிவிடலாம். காட்டிய பிறகு அந்தப் பிள்ளை படத்தை வெறுப்பதில்லை. இன்னும் கூர்ந்து பார்க்கிறது.

சேலத்துக்காரர்கள் சினிமாவைத் திட்டிச் சமயம் வளர்க்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படமே 1937இல் வந்த புராணப் படம், 'சதி அகல்யா'. அந்த அகலிகை கதையே நல்ல பாடம். வான்மீகத்தில் அகலிகை கல்லாகவில்லை. காற்றை உண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் தவம் கிடக்கிறாள். கம்பனில்தான் கல். 'ராமர் கால் பட்டதும் கல் பெண்ணாச்சு' என்று பிள்ளை சொன்னால் அது கம்பன் வழி வந்த நம்மூர்க் கதை. சரியான கதைதான். ஆனால் 'வால்மீகி எழுதினது' என்று சேர்த்துச் சொன்னால் தவறு.

ராமாயணத்தில் இந்தக் குழப்பம் அதிகம். தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் தொடர் 1987 ஜனவரியில் தொடங்கியது. 2020 மார்ச் கடைசியில், ஊரடங்கின்போது, மறுபடி ஒளிபரப்பானது. தாத்தாவும் பேரனும் ஒரே தொடரைப் பார்த்தவர்கள் என்பதால் வீட்டில் திருத்துவதற்கு ஆள் இல்லை. ராமனும் சீதையும் கலியாணத்துக்கு முன் பூந்தோட்டத்தில் பார்த்துக்கொள்வது, வடநாட்டில் ராமாயணம் பாடிய துளசிதாசர் வழி. கம்பனில் அது மிதிலைக் காட்சிப் படலம்: ராமன் வீதியில், சீதை கன்னிமாடத்தில், 'அண்ணலும் நோக்கினான் அவளும் நோக்கினாள்'. வான்மீகத்தில் வில் முறிவதற்கு முன் இருவரும் பார்த்துக்கொள்வதே இல்லை. அடுத்தது லட்சுமணன் கிழித்த கோடு. வான்மீகத்தில் கிடையாது, கம்பனிலும் கிடையாது. துளசிதாசரில் கூட, கடத்தும் இடத்தில் வராமல், பின்னால் மண்டோதரி இராவணனை இடித்துரைக்கும்போது ஒரு வரியில் வந்து போகிறது. கம்பன் ஆரணிய காண்டத்தில் செய்திருப்பது முற்றிலும் வேறு: இராவணன் சீதையைத் தொடாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான். விரும்பாத பெண்ணைத் தொட்டால் அவனுக்குச் சாபம். தமிழ்நாட்டுப் பிள்ளைக்குக் கோடு தெரிகிறது, பெயர்த்த நிலம் தெரியவில்லை. அந்த 'லட்சுமண ரேகை' பல முறை பத்திரிகைத் தலைப்பிலும் வந்துவிட்டது, தங்கள் இதழ் உட்பட.

இனி வகுப்பு நடத்தும் முறை. தெருக்கோயில் மண்டபத்திலோ ஆலய வளாகத்திலோ தொடங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரை ஒரு குழு. பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். நேரம் 75 நிமிடம். முதல் பத்து நிமிடம் போன வாரப் பாட்டு. அடுத்து, பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருக்கும் காட்சி ஒன்று, மூன்று நிமிடத்துக்கு மிகாமல். நாலு நிமிடம் தாண்டினால் பிள்ளைகள் சாய்ந்து உட்கார்ந்து படம் பார்க்கத் தொடங்கிவிடும், திரும்பப் பாடத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. காட்சியை முதலில் சத்தத்தை அடைத்துவிட்டு ஓட்ட வேண்டும். பயமும் பக்தியும் அழுகையும் பெரும்பாலும் பின்னணி இசையில்தான் இருக்கின்றன. அதை எடுத்துவிட்டால் திரையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பிள்ளை சொல்லத் தொடங்கும். பிறகு சத்தத்தோடு ஒரு முறை. காட்சியை முன்கூட்டியே பதிவிறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்வது அவசியம். நேரடியாக இணையத்தில் ஓட்டினால் நடுவில் விளம்பரம் வரும், முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடும், அது என்னவாக இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கைப்பேசியைக் கைமாற்றிக் காட்டுவது வேண்டவே வேண்டாம். முதல் பிள்ளை பார்த்து முடித்துப் பேசத் தொடங்கும்போது கடைசிப் பிள்ளைக்குப் படமே வந்திருக்காது.

அதன்பின் மூலத்திலிருந்து ஒரே ஒரு பாட்டு. பதம் பிரித்துக் கரும்பலகையில் எழுதி, ஆளுக்கொரு வரியாக வாசிக்க வைத்து, பொருள் சொல்ல 20 நிமிடம். மிச்ச நேரம் சார்ட் பேப்பரில் நாலு கட்டம்: 'படத்தில்', 'நூலில்', 'கோயிலில் அல்லது ஊரில்', 'தெரியவில்லை'. கடைசிக் கட்டம்தான் முக்கியம். எதற்கு ஆதாரம் கிடைக்கவில்லையோ அதைப் பிள்ளைகளே அங்கு எழுத வேண்டும், அடுத்த வாரத்துக்குள் தேடிக்கொண்டு வருவது ஆசிரியர் வேலை. அந்தக் கட்டம் காலியாகவே இருந்தால் ஆசிரியர் எதையோ அடித்துவிடுகிறார் என்று அர்த்தம்.

இதில் வழக்கமாகக் கெடுவது இரண்டு இடத்தில். முதலாவது, எடுத்ததும் 'படத்தில் வர்றதெல்லாம் பொய்' என்று சொல்லிவிடுவது. அடுத்த வாரத்திலிருந்து பிள்ளை தான் பார்த்ததை வகுப்பில் சொல்லாது. பார்ப்பதை நிறுத்தவும் செய்யாது. இரண்டாவது, ஆசிரியரே வாட்ஸ்அப்பில் வந்ததைப் பாடமாக நடத்துவது. இது சினிமாவைவிட மோசம். திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் சில நொடி நின்றுபோகின்றன என்று நாசாவே சொன்னதாக ஒரு செய்தி எத்தனை வருடமாகச் சுற்றுகிறது! தாழ்ந்த சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, அந்த ஓட்டம் நின்றால் விழ வேண்டியதுதான். ஏழாம் வகுப்புப் பிள்ளை இதைப் பள்ளியில் படித்துவிட்டு வந்து கேட்டால் நாம் முழிக்க வேண்டும். திருநள்ளாற்றின் பெருமைக்குச் சம்பந்தரின் பதிகம் போதும், நாசா வேண்டாம். வழிபாட்டுக்கு வழிபாட்டு நூல் சொல்லும் காரணத்தைச் சொல்லுங்கள், இல்லாத அறிவியல் காரணத்தை ஒட்டவைக்காதீர்கள் என்பதைப் புதிதாக வரும் ஆசிரியர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

பாட்டு சொல்லிக்கொடுப்பதில் வேறு மாதிரிச் சிக்கல். பிள்ளைகள் யூடியூப்பில் கேட்டு மெட்டோடு வந்துவிடுகிறார்கள். மெட்டு நன்றாக இருக்கும், சொல் உடைந்திருக்கும். பாடகர் மூச்சு விடும் இடத்தில் பிள்ளையும் நிறுத்தும். அச்சுப் புத்தகமும் இதற்கு உடந்தை. சம்பந்தரின் முதல் பதிகம் சீர் பிரித்து அச்சாகும்போது 'தோடுடையசெவி யன்விடையேறியோர்' என்று வரும். பிள்ளை 'யன்விடை' என்று ஒரு சொல் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறது. 'தோடு உடைய செவியன், விடை ஏறி, ஓர் தூ வெண் மதி சூடி' என்று பேச்சுப்போல மூன்று தடவை சொல்ல வைத்து, பொருள் பிடிபட்ட பிறகே நட்டபாடைப் பண்ணில் ஓதுவார் பாட, பிள்ளைகள் பின்பாட்டாகச் சொல்ல வேண்டும். ஒரு வகுப்புக்கு நாலு அடி போதும். ஒரே நாளில் பதினொரு பாட்டையும் ஒப்பிக்க வைத்து மேடையேற்றுவது பெற்றோருக்குப் பிடிக்கும், ஆனால் பரிசு வாங்கிய மறு வாரமே பிள்ளைக்கு மறந்துவிடும்.

படங்கள் பற்றி ஒரு வார்த்தை. ரீல் போடுபவர்கள் பிறர் வீடியோவை எடுத்து, பிடிபடாமலிருக்க இடம் வலமாகப் புரட்டிப் போடுவது வழக்கம். நடராசர் அதில் வலது காலைத் தூக்கி நிற்பார். தில்லைத் திருக்கோலத்தில் தூக்கியது இடது கால், முயலகன் மேல் ஊன்றியது வலது கால், உடுக்கை வலக்கையில், தீ இடக்கையில். இதைப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பதைப் பிள்ளைகள் விளையாட்டாகவே செய்வார்கள். உடனே 'வலது கால் என்றாலே தப்பு' என்றும் சொல்லிவிடக் கூடாது. மதுரை வெள்ளியம்பலத்தில் இறைவன் கால் மாறி ஆடினார், அதற்கும் திருவிளையாடலில் தனிப் படலம் இருக்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவில் வரையும் படங்கள் வேறு. விரலை எண்ணச் சொல்லுங்கள், ஆயுதம் எந்தக் கையில் முடிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அங்கே அகப்பட்டுக்கொள்ளும். அப்படிப்பட்ட படத்தை மலரில் போட்டால் 'கணினியில் உருவாக்கியது' என்று ஓரத்திலாவது குறியுங்கள்.

திரைக்கு வெளியே சேலத்திடம் இருப்பது பெரிய சொத்து. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு ஒரு ஞாயிறு காலை கூட்டிப் போனால் ஒரு மாத வகுப்புக்குச் சமம். அங்கே ராமன் நிற்கும் தூணருகே நின்று பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் தூணருகே நின்று பார்த்தால் ராமன் தெரியமாட்டான். ஆசிரியர்கள் செய்யும் பிழை, வாசலிலேயே இதைச் சொல்லிவிடுவது. சொல்லாமல் பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒரு குழுவை வாலி பக்கமும் ஒரு குழுவை ராமன் பக்கமும் நிறுத்தி, எதிரில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். இரண்டு குழுவும் வேறு வேறு பதில் சொல்லிச் சண்டை போடும்போது இடம் மாற்றி நிறுத்துங்கள். கைப்பேசிகள் பைக்குள் இருக்கட்டும். படம் எடுக்கப் போனால் கண்ணால் பார்க்க மறந்துவிடுகிறார்கள். மறைந்து நின்று அம்பு விட்டது முறையா என்று கிட்கிந்தா காண்டத்தில் வாலி கேட்கும் கேள்வியைச் சிற்பி கல்லில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அங்கேயே உட்கார்ந்து வாலி வதைப் படலத்தில் இரண்டு பாட்டு வாசித்தால் விளக்கவுரையே தேவைப்படாது.

கூத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மாவட்டத்தின் பல ஊர்களில் பாரதக் கூத்தும் பாவைக்கூத்தும் இன்னும் விடிய விடிய நடக்கின்றன. கூத்தும் அந்தக் காலத்து வெகுசன ஊடகம்தான். அதிலும் மூலத்தில் இல்லாதது ஆயிரம் உண்டு. இடையில் வேடிக்கை பேசும் கட்டியக்காரன் ரேஷன் கடையைப் பற்றிக்கூடப் பேசுவான். வித்தியாசம் என்னவென்றால், மறுநாள் காலை வாத்தியாரைப் பிடித்து 'இது பாரதத்தில் இருக்கா' என்று கேட்டால், 'இது வில்லிபாரதம், இது எங்க குரு சேர்த்தது, இது நேத்து ராத்திரி நானா போட்டது' என்று பிரித்துச் சொல்லிவிடுவார். ரீலுக்குக் கீழே அப்படிக் கேட்க ஆள் இல்லை. கேட்டால் பதில் வரக்கூடிய இடம் என்று மிஞ்சியிருப்பவை வகுப்பும் பத்திரிகையும்தான்.

வண்டி வேடிக்கைக்கு வருவோம். குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் தெருக்காரர்கள் சாமி வேடமிட்டு, அலங்கரித்த வண்டிகளில் வருவதைப் பார்க்க ஊரே திரள்கிறது. அண்மைக்காலமாக வேடங்கள் டிவி தொடர்களைப் பார்த்தே போடப்படுகின்றன. குறை சொல்லவில்லை, உழைப்பு அபாரம். ஆனால் மகிஷனை வதைக்கும் அம்மன் வண்டியைப் பார்க்கும் பிள்ளைக்கு 'சீரியல்ல வந்த சாமி' என்பதைத் தாண்டி ஒன்றும் கிடைப்பதில்லை. இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. வண்டி ஒன்றுக்கு நாலு வரி அட்டை: யார், எந்தக் காட்சி, எந்த நூல், கையில் என்னென்ன. ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் அதை வாசித்தால் போதும். மகிஷவதத்துக்கு எழுதுவதானால்: தேவி மாகாத்மியம், மார்க்கண்டேய புராணத்தின் பகுதி, 13 அத்தியாயம், மகிஷன் மாள்வது மூன்றாவதில், வாகனம் சிங்கம் (காலண்டர் படத்தில் புலியும் வரும்). அதோடு, 'கானத்து எருமைக் கருந்தலைமேல் நின்றாயால்' என்று சிலப்பதிகார வேட்டுவ வரி கொற்றவையைப் பாடுவதையும் சேர்த்துவிட்டால், எருமைத் தலைமேல் நிற்கும் தெய்வம் தமிழுக்குப் புதிதில்லை என்று தெருவுக்கே தெரிந்துவிடும். வேடமிடும் சிறுவர்களைப் பற்றி ஒன்று: நீலம் பூசுவதானால் மேக்கப் கடையில் கிடைக்கும் நீரில் கரையும் வண்ணம் மட்டும். சுவருக்கோ இரும்புக்கோ அடிக்கும் பெயின்ட் எந்தக் காரணத்துக்கும் கூடாது. வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் தண்ணீர் கொடுத்து, நடுவில் ஆள் மாற்றுங்கள்.

எல்லா அட்டையிலும் நூல் பெயர் எழுத முடியாது. எழுதவும் கூடாது. மாரியம்மனுக்கு இதுதான் புராணம் என்று ஒரே நூலைக் காட்ட முடியாது. ரேணுகை கதையோடு சேர்த்துச் சொல்வோர் உண்டு, சேர்க்காமல் சொல்வோரும் உண்டு. கம்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கிளை பிரிந்த மரத்தை நட்டு, அதை அம்மனின் கணவராகக் கருதி, பெண்கள் விடிகாலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது கொங்கு நாட்டு வழக்கம். எந்தச் சீரியலிலும் இது வராது, ஏனென்றால் எழுதுபவருக்கு இந்த வழக்கம் தெரியாது. பிள்ளை தினமும் பள்ளிக்குப் போகும் வழியில் இதைப் பார்க்கிறது, ஆனால் 'அது என்ன' என்று கேட்பதில்லை. டிவியில் வராதது முக்கியமில்லை போலிருக்கிறது என்ற முடிவுக்கு அது தானாக வந்துவிடுகிறது. இந்த வகைச் செய்திக்கு அடியில் 'ஊரார் சொல்லக் கேட்டது, இன்ன பகுதி' என்று போட்டால் அதுவும் ஆதாரம்தான்.

சேர்வராயன் மலை விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. மலை உச்சிக் குகைக் கோயிலில் இருக்கும் சேர்வராயனும் காவேரியம்மனும் மலையாளி என்னும் இம்மலைப் பழங்குடி மக்களின் தெய்வங்கள். காஞ்சியிலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவர் மலைக்கொருவராகப் பிரிந்த கதை அவர்கள் வாய்வழியாகக் காத்துவருவது. கோடை விழா சமயத்தில் மேலே போகிற யாரோ ஒருவர் குகை வாசலில் நின்று, 'இவர் உண்மையில் இன்ன புராணத்துச் சாமி' என்று நாற்பது நொடியில் பேசிப் போட்டுவிடுகிறார். அதைப் பல்லாயிரம் பேர் பார்த்த பிறகு மலைக் கிராமத்துப் பிள்ளையே தன் பாட்டி சொன்னதை விட்டுவிட்டு இதைச் சொல்கிறது. அங்கே சொல்லிக்கொடுப்பவர்கள் ஊர்ப் பெரியவர்களின் ஒப்புதலோடு அவர்கள் குரலைப் பதிவு செய்து, எதை வெளியில் கேட்கலாம், எதைக் கூடாது என்று அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சில சடங்குகளில் கேமரா கூடாது என்றால் கூடாதுதான். தங்கள் புகைப்படக்காரருக்கும் இது பொருந்தும்.

மற்றச் சமயங்களிலும் கதை இதேதான். கிறிஸ்துமஸ் குடிலில் நிற்கும் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து 'இது எந்த வசனம்' என்று தேடவைப்பது மறைக்கல்வியில் நன்றாக எடுபடும் பயிற்சி. இடையர்கள் லூக்கா 2இல், ஞானிகளும் விண்மீனும் மத்தேயு 2இல். இரண்டு நூலில் இரண்டு காட்சி, குடிலில் ஒன்றாகிவிட்டன. ஞானிகள் மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று. மாடும் கழுதையும் நற்செய்தியில் இல்லை, ஏசாயா 1:3ஐ வைத்து மரபு சேர்த்துக்கொண்டது. புனித பிரான்சிஸ் 1223இல் கிரெச்சோவில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கொண்டாடியது குடில் மரபைப் பரப்பியது. பொம்மையை எடுத்துவிட வேண்டியதில்லை, பிள்ளைக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் சரி. பெரிய பிள்ளைகளுக்கு வீரமாமுனிவரின் தேம்பாவணியில் பிறப்புக் காட்சியைக் காட்டலாம். 3,615 பாட்டும் வேண்டாம், மூன்று போதும்.

மதரஸாவில் திரையில் நபியின் உருவம் காட்டும் பேச்சே இல்லை என்பதால் பிள்ளைகளிடம் முதலில் அந்த மரபைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது: வெளிநாட்டுக் கார்ட்டூன்களில் முகம் மறைத்தும் ஒளியாகவும் ஏன் காட்டுகிறார்கள் என்று அவர்களே கேட்கிறார்கள். நபி மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்த ஹிஜ்ரத்தின்போது அவரும் தோழர் ஒருவரும் குகையில் தங்கியதைக் குர்ஆன் 9:40 சொல்கிறது. குகை வாசலில் சிலந்தி வலையும் புறாக் கூடும் ஹதீஸ் என்னும் அறிவிப்புகள் வழியாகவும், நபியின் வரலாறு சொல்லும் சீறா நூல்கள் வழியாகவும் வருபவை. வசனம் எது, அறிவிப்பு எது, சீறாப்புராணத்தில் உமறுப் புலவர் பாடியது எது என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் அங்கே ஏற்கெனவே வலுவாக இருக்கிறது. மற்ற இரு தரப்பாரும் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

பள்ளிகளில் இதைச் செய்யலாமா என்று தலைமையாசிரியர்கள் தயங்குகிறார்கள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்பது அரசியலமைப்பின் 28(1). உதவி பெறும் பள்ளியிலும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 28(3). ஆனால் சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது போதனை ஆகாது என்று அருணா ராய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்ப் பாடத்தில் கம்பராமாயணமும் தேம்பாவணியும் சீறாப்புராணமும் இருக்கவே இருக்கின்றன. தமிழாசிரியர் நாலு கட்டச் சார்ட்டை அங்கேயே தொடங்கலாம். வழிபடச் சொல்வது வேறு, எந்த நூல் என்ன சொல்கிறது என்று காட்டுவது வேறு.

தங்களிடம் கேட்பதற்குத் திரும்புகிறோம். ஆதார வரிக்கு அரை அங்குலம் இடம் போதும்: 'கம்பராமாயணம், பால காண்டம், மிதிலைக் காட்சிப் படலம்' என்ற அளவில். எழுதுபவரிடமே கேட்டு வாங்குங்கள். தர முடியாதவர் கட்டுரையை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், மலர் ஒன்றும் வாடிவிடாது. 'இந்தத் தலத்துக்குப் போனால் இது நடக்கும்' என்ற துணுக்குகளுக்கும் இந்த விதி உண்டு, முதலில் அவற்றுக்குத்தான். நூலில் தேட ஆள் இல்லை என்றால், வாரம் ஒரு கதை வீதம் மூலத்தைத் தேடித் தர எங்களில் சிலர் ஆயத்தம். ஊதியம் வேண்டாம், மலரில் ஒரு பிரதி கூடுதலாகக் கொடுத்தால் வகுப்பில் பயன்படும்.

வண்டி வேடிக்கை அட்டைக்கு மாதிரி பத்து இத்துடன் இணைத்துள்ளோம். ஆடிப் பூச்சாட்டுக்கு முந்திய வாரம் அச்சிட்டால், வேடம் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் தெருக் குழுக்கள் கைக்குப் போய்ச் சேரும். பூச்சாட்டு முடிந்த பிறகு போட்டால் பயனில்லை, அதற்குள் துணியும் நகையும் வாடகைக்கு எடுத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
சமய வகுப்பு ஆசிரியர்கள் சிலர்,
சேலம்.